கச்சக்குனு ஒரு ஜப்பான் போன்

தம்பி, அந்தப் பையைக் கால்கிட்ட வைக்காதீங்க, மேல போடுங்க. பிரேக் போட்டா உருண்டு டிரைவர்கிட்ட போயிடும். ஆங், அப்படித்தான். ஏர்போர்ட் ஸ்டாப்புல ஏறினப்பவே பார்த்தேன். சிங்கப்பூரா, மலேசியாவா? சிங்கப்பூர். சட்டைப்பையில துருத்திக்கிட்டு இருக்கிறது புது போன். இல்லைன்னு சொல்லாதீங்க. நான் கவர்மெண்ட் பஸ்ல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். பஸ்ல ஏறினா ஒரே பார்வை, எவன் டிக்கெட் எடுத்தவன், எவன் எடுக்காதவன்னு சொல்லிடுவேன். அதோ முன் சீட்டு நீலச்சட்டை, அவன் எடுக்கலை. ஜன்னலையே பார்க்கிறான் பாருங்க. டிக்கெட் எடுத்தவன் ஜன்னலை அவ்வளவு ஆசையா பார்க்க மாட்டான். என் கண்ணுல மண்ணைத் தூவ முடியாது தம்பி.

போனை ஒரு தடவை வெளியில எடுங்க. பிடுங்கிக்க மாட்டேன். எடுத்து, வெளியில அந்த வேப்பமரத்தை ஒரு போட்டோ பிடிங்க. மரம் போயிடுச்சா, பரவாயில்லை, அந்த நீலச்சட்டையையே பிடிங்க. பிடிச்சாச்சா? சத்தம் வரலையே? வரலை. அப்ப பிழைச்சீங்க.

வெளிநாட்டுல போன் வாங்குறவன் எல்லாம் என்ன கேட்கிறான்? அன்லாக் போனா, எல்லா சிம்மும் எடுக்குமா, நம்ம ஊர் டவர் கிடைக்குமா. இதெல்லாம் கேட்கிறான். இது வாயை மூடிக்கிட்டு இருக்குமான்னு ஒருத்தனாவது கேட்கிறானா? நானும் கேட்கலை. கேட்காம விட்டதுக்கு எனக்கு ஒரு மாடு, ஒரு சம்பந்தியம்மா, ஒரு மாப்பிள்ளை, எல்லாம் வந்து சேர்ந்துச்சு. நீங்க எங்க இறங்கணும்? புதுக்கோட்டையா? அப்ப நேரம் இருக்கு. நான் அறந்தாங்கி போறேன்.

எனக்கு ஒரு பையன், ஒரு பொண்ணு. பையன் திருமாறன் ஜப்பான்ல இருக்கான், நகோயான்னு ஒரு ஊரு, கார் கம்பெனியில வேலை. பொண்ணு மங்கையர்க்கரசி. மங்கைன்னு கூப்பிடுவோம். அவங்க அம்மா போனப்ப அது பன்னெண்டாவது படிச்சுக்கிட்டு இருந்துச்சு. அன்னையிலேர்ந்து வீடு அதோட கையில. என் காபிக்கு என்ன சூடுன்னு அதுக்கு மட்டும்தான் தெரியும். படிப்பு முடிச்சு திருச்சியில ஒரு பெரிய செல்போன் ஷோரூம்ல வேலைக்குப் போச்சு. சும்மா கவுண்டர்ல நிக்கிற வேலை இல்லை, மேனேஜர். எந்த போனு எந்த நாட்டுல செஞ்சது, எந்த நாட்டுது என்ன தகராறு பண்ணும், கண்ணை மூடிக்கிட்டு சொல்லும். அப்படிப்பட்டதுக்கே இந்த ஜப்பான் போன் விஷயம் தெரியாம போச்சு பாருங்க. யானைக்கும் அடி சறுக்கும்.

பொண்ணுக்கு வயசு ஆகுது, மாப்பிள்ளை பார்க்கணும் இல்லையா? மாப்பிள்ளை விசாரிக்கிறதுல நம்ம ஆளுங்க எல்லாரும் தப்பு பண்றாங்க தம்பி. சொந்தக்காரன்கிட்ட கேட்கிறாங்க. சொந்தக்காரன் உண்மை சொல்லுவானா? கல்யாணச் சோறு போயிடுமேன்னு தங்கம் தங்கம்பான். நான் என்ன பண்ணுவேன்னா, நேரா பையன் இருக்கிற தெருவுக்குப் போயிடுவேன். வீடு வாடகைக்கு இருக்கான்னு கேட்டுக்கிட்டுப் போற மாதிரி போவேன். டீக்கடையில உட்காருவேன். சலூன்ல முடி வெட்டிக்குவேன். இஸ்திரிக்காரன்கிட்ட நிப்பேன். பையன் வர்றப்ப போற மாதிரி, போன்ல பேசுற மாதிரி, ஒரு போட்டோ. சாட்சி வேணும்ல! செக்கிங்ல கையும் களவுமா பிடிச்சாத்தான் கேஸ் நிக்கும்.

அப்படிப் பிடிச்சது கொஞ்ச நஞ்சமா? ஒருத்தன் பேங்க் வேலை. ஓட்டல்ல தோசையைப் பிய்க்காம பாய் மாதிரி சுருட்டி வாயில திணிச்சான். போட்டோ இருக்கு. வேண்டாம்னுட்டேன். இன்னொருத்தன் வாத்தியார். சைக்கிள் ஸ்டாண்டைக் காலால எட்டி உதைச்சுத் தள்ளுறான். வாயில்லாத ஸ்டாண்டையே உதைக்கிறவன் பொண்டாட்டியை விடுவானா? ஒருத்தனோட அம்மா தண்ணி பிடிக்கிற இடத்துல, அடுத்த குடத்தை நகர்த்தி வச்சுட்டு தன் குடத்தை வைக்குது. அதுவும் போட்டோ. என் மச்சினன் ஒரு நாள் கேட்டான், "அத்தான், நீங்க மாப்பிள்ளை பார்க்கிறீங்களா, ஃபைன் போடப் போறீங்களா?"ன்னு. அவனோட ஆறு மாசம் பேசலை. பொண்ணைப் பெத்தவனுக்குத்தானே தெரியும்? மங்கை ஒண்ணும் சொல்லாது. போட்டோவைக் காட்டுவேன், பார்த்துட்டு, "சரிப்பா"ன்னுட்டுப் போய் மாவு ஆட்டும்.

அப்புறம், இதெல்லாம் எடுத்த என் பழைய போன் போச்சு. மங்கைதான் கை தவறி என் சட்டையோட சட்டையா வாஷிங் மெஷின்ல போட்டுடுச்சு. வெளியில வந்தப்ப சுத்தமா இருந்துச்சு, உயிருதான் இல்லை. மங்கைக்கு ரொம்ப வருத்தம். "அப்பா, நீங்க அண்ணனைப் பார்க்க ஜப்பான் போறீங்கல்ல, அங்கேயே ஒரு அன்லாக் போன் வாங்கிக்குங்க. அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்"னுச்சு. நான் கேட்டேன், "ஏம்மா, உன் கடையிலயே மலை மலையா குவிஞ்சு கிடக்கே?" "ஜப்பான் சாமான் உழைக்கும்பா." "சரி, சிங்கப்பூர்ல இறங்கித்தானே ஏறணும், அங்க வாங்கிக்கட்டுமா?" "ஐயோ, வேண்டாம்பா! ஜப்பான்லதான் வாங்கணும். கடையில எந்த சிம்மும் போடலாமான்னு மட்டும் கேளுங்க, வேற ஒண்ணும் கேட்க வேண்டாம்." எவ்வளவு அக்கறை பாருங்க. ஏர்போர்ட்ல உள்ள போறப்பக்கூட கத்துச்சு, "அப்பா, சிங்கப்பூர்ல வாங்கிடாதீங்க!"ன்னு.

ஜப்பான்ல வாங்கினேன். நல்ல போன். கண்ணாடி மாதிரி இருக்கும். கடையில என்ன சிம் வேணும்னாலும் போடுன்னு தலையைக் குனிஞ்சு குனிஞ்சு சொன்னாங்க. அங்க இருந்த வரைக்கும் எனக்கு எதுவும் வித்தியாசமா தெரியலை. ஏன்னு கேளுங்க. அங்க எல்லார் போனும் கத்துது! மரத்துல பூ பூத்துட்டா போதும், ஊரே திரண்டு வந்து கீழ நின்னு கச்சக், கச்சக், கச்சக். அந்தக் கூட்டத்துல என் போன் போட்ட சத்தம் எனக்குக் கேட்குமா? கோழிப்பண்ணையில ஒரு கோழி கத்துறது தனியா கேட்குமா?

ஊருக்கு வந்து, ஏர்போர்ட்ல மங்கை நிக்குது, ஆசையா ஒரு போட்டோ எடுத்தேன். கச்சக்! முன்னால போன போலீஸ்காரரு திரும்பிட்டாரு. ட்ராலி தள்ளுறவன் நின்னுட்டான். ஒரு குழந்தை அழுதுடுச்சு. சைலண்ட்ல போட்டேன். கச்சக்! சத்தத்தை அடியோட குறைச்சேன். கச்சக்! வீட்டுக்கு வந்து, "மங்கை, இதை நிறுத்தும்மா"ன்னேன். அது வாங்கி வச்சுக்கிட்டு அங்க அழுத்துது, இங்க அழுத்துது, ரொம்ப நேரம் பார்த்துச்சு. "அப்பா, இது அந்த நாட்டுப் பழக்கம்பா. திருட்டுத்தனமா யாரும் யாரையும் போட்டோ எடுக்கக்கூடாதுன்னு செய்யுறப்பவே இப்படிச் செஞ்சுடுறாங்க. நிறுத்த முடியாது"ன்னுச்சு. "முன்னாடியே உனக்குத் தெரியாதா?"ன்னேன். "எனக்கு எப்படிப்பா தெரியும்?"னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிடுச்சு. உள்ள பாத்திரம் விழுந்துச்சு. எட்டிப் பார்க்கிறேன், முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு நிக்குது, தோளு குலுங்குது, கண்ணுல தண்ணி. தப்பா யோசனை சொல்லிட்டோமேன்னு அவ்வளவு வேதனை. "விடும்மா, அழாதே"ன்னு சொல்லிட்டு வந்தேன்.

பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான், வேற கேமரா ஆப் ஏத்திக்கிட்டா சத்தம் வராதுன்னு. மங்கை பதறிடுச்சு. "அப்பா! அதையெல்லாம் ஏத்தினா உங்க பென்சன் ஜப்பானுக்குப் போயிடும்!" விட்டுட்டேன். ஸ்பீக்கர் ஓட்டையில மெழுகு உருக்கி ஊத்தினேன். போட்டோ எடுத்தா கச்சக்குனு கேட்குது, திருமாறன் பேசினா மட்டும் கேட்கலை. கடைசியில நானே ஒரு வழி கண்டுபிடிச்சேன். இருமிக்கிட்டே எடுக்கிறது. இருமலும் கச்சக்கும் ஒண்ணா விழணும். வீட்டுல கண்ணாடி முன்னால நின்னு பழகினேன் தம்பி. நல்லா கை வந்துடுச்சு.

என்னப்பா? டிக்கெட்டா? யாருக்கு, எனக்கா? ஏய், நான் யாருன்னு தெரியுமா... சரி சரி, பேச்சு சுவாரசியத்துல விட்டுப்போச்சு. அறந்தாங்கி ஒண்ணு கொடு. அந்த நீலச்சட்டையை முதல்ல கேளு நீ! என்னது, சில்லறை பாக்கியா அவருக்கு? அப்ப எடுத்துட்டாரா? சரி. எடுத்திருக்கான் தம்பி. இருந்தாலும் பார்வை சரியில்லை.

எங்க விட்டேன்? ஆங், இருமல். அப்பத்தான் இந்த அறந்தாங்கி வரன் வந்துச்சு. தரகரை நாங்க தேடிப் போகவே இல்லை. அவரா மங்கை வேலை பார்க்கிற ஷோரூமுக்கு வந்து ஜாதகத்தைக் கொடுத்துட்டுப் போயிருக்காரு. பையன் பேரு பூபாலன். அறந்தாங்கிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர்ல மாட்டாஸ்பத்திரியில கால்நடை ஆய்வாளர். கவர்மெண்ட் உத்தியோகம். பொருத்தம் பிரமாதம். எனக்கு அப்பவே சந்தேகம். இவ்வளவு பொருந்தினா எங்கேயோ இடிக்கணும்ல? மங்கை என்னைக்கும் இல்லாம அன்னைக்குக் காலையில பலகாரம் கட்டிக் கொடுத்து, போனை முழுசா சார்ஜ் போட்டுக் கையில கொடுத்து அனுப்புச்சு.

முதல்ல பையன் வீட்டுத் தெரு. வாசல்ல ஒரு அம்மா இன்னொரு அம்மாகிட்ட கையை ஆட்டிப் பேசிக்கிட்டு இருக்கு. பையனோட அம்மா தனபாக்கியம்னு தெரிஞ்சுக்கிட்டேன். சண்டை மாதிரி இருந்துச்சு. சரியான நேரம்னு, போனைத் தூக்கி, இருமிக்கிட்டே அமுக்கினேன். இருமல் முன்னால விழுந்துடுச்சு, கச்சக் பின்னால விழுந்துச்சு. ரெண்டு பேரும் திரும்பிட்டாங்க. தனபாக்கியம் அம்மா கேட்குது, "யாரு, போட்டோவா எடுக்கிறீங்க? சித்த இருங்க, இந்தத் தலையை முடிஞ்சுக்கிறேன்." முடிஞ்சுக்கிட்டு பக்கத்து வீட்டம்மா தோள்ல கையைப் போட்டு நிக்குது! எதிர் வீட்டுலேர்ந்து ரெண்டு பேரு ஓடி வந்து சேர்ந்துக்கிட்டாங்க. ஆட்டுக்குட்டியை ஒருத்தி தூக்கிக்கிட்டு வந்தா. வேற வழியில்லை, எடுத்தேன். கச்சக். "இன்னொண்ணு எடுங்க, நான் கண்ணை மூடிட்டேன்"னு ஒருத்தி. எடுத்தேன்.

அதோட விட்டாங்களா? "ஐயாவுக்கு என்ன இப்படி இருமலு"ன்னு தனபாக்கியம் அம்மா உள்ள போய் சுக்கும் மிளகும் தட்டிப் போட்டு ஒரு சொம்பு கொண்டு வந்துடுச்சு. குடிச்சு முடிக்கிற வரைக்கும் நகர விடலை. வீடு வாடகைக்கு வேணும்னேன். "எதுக்கு வாடகை? நம்ம வீடு இல்லையா?"னு சொல்லிட்டு சிரிக்குது. முன்பின் தெரியாத ஆளுகிட்ட இப்படிப் பேசலாமா? வெகுளி. அதைக் குறையா எழுதிக்கலாமான்னு யோசிச்சேன், மனசு வரலை. சுக்குத் தண்ணி அப்படி.

சரி, பையனையாவது பிடிப்போம்னு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். பின்பக்கமா சுத்திப் போய், மாட்டுக்குத் தண்ணி காட்டுற தொட்டி இருக்கு, அதுக்குப் பின்னால நின்னுக்கிட்டேன். வெட்டவெளியில ஒரு மாடு நிக்குது. மாட்டுக்காரம்மா கயித்தைப் பிடிச்சிருக்கு. பூபாலன் பின்னால நிக்கிறான். தோள் வரைக்கும் பிளாஸ்டிக் உறை. கை, முழங்கை தாண்டி மாட்டுக்குள்ள இருக்கு. சினை பார்க்கிறானாம். மாடு சிவனேன்னு அசை போட்டுக்கிட்டு நிக்குது. எனக்கு என்னமோ இதை விட நல்ல சாட்சி கிடைக்காதுன்னு தோணிடுச்சு. மூச்சை இழுத்தேன், இருமலைத் தயார் பண்ணினேன். சுக்குத் தண்ணி குடிச்சேன்ல, தொண்டை அப்படியே வெண்ணெய் மாதிரி ஆயிடுச்சு. இருமல் வரலை.

கச்சக்!

மாடு வாழ்நாள்ல அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை போல. துள்ளுச்சு பாருங்க, மாட்டுக்காரம்மா கயித்தை விட்டுட்டு வேலியில போய் விழுந்துச்சு. மாடு ஓடுது. பூபாலனுக்குக் கையை வெளியில எடுக்க நேரமில்லை. மாடு ஓட ஓட அவனும் பின்னாலேயே ஓடுறான்! எந்தப் பக்கம் ஓடுது? என்னைப் பார்த்து! நான் பயத்துல பட்டனை அமுக்கின விரலை எடுக்கவே இல்லை. அமுக்கிப் பிடிச்சா அந்த போன் என்ன பண்ணும்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. கச்சக்கச்சக்கச்சக்கச்சக்குனு பட்டாசுச் சரம் மாதிரி வெடிக்குது. சத்தம் கேட்கக் கேட்க மாட்டுக்கு வெறி. நான் பின்னால நகர்ந்து தொட்டிக்குள்ள மல்லாக்க விழுந்துட்டேன். போனை மட்டும் தண்ணிக்கு மேல தூக்கிப் பிடிச்சிருக்கேன். அது நிக்காம எடுத்துக்கிட்டே இருக்கு.

அதுக்குள்ள அவன் எப்படியோ கையை உருவிக்கிட்டு, மாட்டு மூக்கணாங்கயித்தைத் தாவிப் பிடிச்சு நிறுத்திட்டான். நிறுத்திட்டு, மூச்சு வாங்க தொட்டிக்குள்ள எட்டிப் பார்த்து, "மாமா, முதல்ல பட்டன்லேர்ந்து விரலை எடுங்க மாமா"ன்னான்.

கவனிச்சீங்களா தம்பி? மாமாங்கிறான்! நான் யாருன்னு சொல்லலை, என் பேரு சொல்லலை, முன்பின் பார்த்ததில்லை. வேற எவனா இருந்தாலும் "யோவ்"னு ஆரம்பிச்சிருப்பான். தொட்டியில கிடக்கிற ஆளையும் மாமான்னு கூப்பிடுறான்னா அது வளர்ப்பு. அப்பவே மனசுக்குள்ள ஒரு ப்ளஸ் போட்டேன். நல்ல கையால என்னைத் தூக்கி விட்டான். போனைத் தன் சட்டையில துடைச்சுக் கொடுத்தான். "ஜப்பான் போன்தானே மாமா? நல்ல வேளை, தண்ணி படலை"ன்னான். மாடு பார்க்கிறவன், எந்த நாட்டு போனுன்னு பார்த்தவுடனே சொல்றான்! கெட்டிக்காரன். அவன் போனைப் பார்த்தேன், பின்னால போட்டிருக்கிற கவர்ல நம்ம மங்கை ஷோரூம் பேரு. திருச்சியில இருக்கிற கடை, அறந்தாங்கி தாண்டி ஒரு மாட்டாஸ்பத்திரி வரைக்கும் பேரு எடுத்திருக்குன்னா, மங்கை எப்படி நிர்வாகம் பண்ணுதுன்னு பார்த்துக்குங்க.

வண்டியில உட்கார வச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். வெந்நீர் வச்சுக் கொடுத்தாங்க. அவன் வேட்டியைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தேன். கட்டுமாவடிக் கடல் மீன், குழம்பு அப்படி ஒரு மணம். யாரும் என்னை யாருன்னு கேட்கவே இல்லை. நான் பாட்டுக்கு வாடகை வீடு தேடுற ஆளாவே உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பிடுறப்பவும் கண்ணு சும்மா இருக்குமா? பையன் இலையையே பார்த்துக்கிட்டு இருந்தேன். பிடிச்சுட்டேன். மோர் ஊத்திச் சாப்பிட்டு முடிச்சுட்டு, மறுபடியும் ஒரு கரண்டி சோறு போட்டு ரசம் ஊத்திக்கிறான்! மோருக்கு அப்புறம் ரசம்!

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். வாசல்லயே மங்கை நிக்குது. "பையன் எப்படிப்பா?"ன்னு கேட்டுச்சு. அது கேட்கிற வழக்கமே இல்லை. போட்டோவைக் காட்டினேன். மாட்டுக்குப் பின்னால அவன் ஓடுறது மட்டும் எக்கச்சக்கமா இருக்கு. "பாரு, இவனையா கட்டிக்கப் போற?"ன்னேன். அது ஒவ்வொண்ணா தள்ளித் தள்ளிப் பார்க்குது. மறுபடியும் முந்தானையால வாயைப் பொத்திக்கிச்சு, மறுபடியும் கண்ணுல தண்ணி. நான் பாவமேன்னு, "பெரிசா குறை ஒண்ணும் இல்லை. ஆனா மோருக்கு அப்புறம் ரசம் ஊத்திக்கிறான். ஒரு ஒழுங்கு இல்லாத குடும்பம். வேண்டாம்னு சொல்லிடலாம்"னேன்.

சிரிப்பு மாதிரி இருந்த முகம் அப்படியே வாடிப் போச்சு. தரையில உட்கார்ந்துடுச்சு. "ரசத்துக்காகவாப்பா?"ன்னுச்சு. "எனக்கு முப்பது ஆகப் போகுதுப்பா"ன்னுச்சு. அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "நான் போயிட்டா வீட்டுல தனியா இருக்கணுமேன்னு பயமா இருக்காப்பா?"ன்னு கேட்டுச்சு.

என்ன கேள்வி தம்பி இது? எனக்கா பயம்? ராத்திரி பஸ்ல தனியா ஏறி குடிகாரனையெல்லாம் இறக்கி விட்டவன் நான். எனக்குக் காபி போடத் தெரியாதா, சோறு வடிக்கத் தெரியாதா? ஒரு பொண்ணு அப்பனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா? நல்லா கத்தணும்னு வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்துச்சு. காலையிலேர்ந்து இருமி இருமி எடுத்தேன்ல, அதான். மங்கை எழுந்து போய் தண்ணி கொண்டு வந்து கொடுத்துச்சு. குடிச்சேன். "ரசம் ஒரு பெரிய குத்தமில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் திருத்திக்கலாம்"னேன். அது என் காலைக் கட்டிக்கிச்சு.

கல்யாணம் போன வைகாசியில நடந்துச்சு. அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு, சம்பந்தியம்மா என்னை முதல் நாளே கண்டுபிடிச்சுட்டாங்களாம். "வாடகைக்கு வீடு கேட்டு வந்தீங்களே, கிடைச்சுதா சம்பந்தி?"ன்னு பந்தியில எல்லார் முன்னாலயும் கேட்டாங்க. எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு மட்டும் எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை. நான் வேஷம் போட்டா பெத்த தாய்க்கே தெரியாது.

இந்தாங்க, இதைப் பாருங்க. மேடையில வீடியோக்காரன், போட்டோக்காரன்னு நாலு பேரு. ஆல்பம் ரெண்டு ஆள் தூக்கணும். அத்தனை போட்டோவுலயும் மங்கை தரையைப் பார்க்குது, இல்ல மாப்பிள்ளையைப் பார்க்குது, இல்ல போட்டோக்காரன் காட்டின பக்கம் பார்க்குது. தாரை வார்த்துக் கொடுத்துட்டு நான் கீழ வந்து ஒரு ஓரமா நின்னேன். கூட்டம் மறைக்குது. மேளம் கொட்டுது. எனக்கு என்னமோ போல இருந்துச்சு, சரி ஒண்ணு எடுப்போம்னு கையைத் தூக்கி எடுத்தேன். கச்சக். அத்தனை மேளச் சத்தத்துலயும் அது காதுல விழுந்திருக்கு பாருங்க. டக்குனு திரும்பி, கூட்டத்துக்குள்ள தேடி, என்னைப் பார்த்துச்சு. பார்த்துச் சிரிக்குது. கண்ணு எப்படி இருக்கு பாருங்க. அன்னைக்குப் பூரா எடுத்ததுல இந்த ஒண்ணுலதான் அது என்னைப் பார்க்குது.

கீரனூர் தாண்டிட்டோமா? பேச்சுல தெரியலை. இப்ப வீட்டுல ஒண்ணும் குறையில்லை. காபி நானே போட்டுக்கிறேன். சூடுதான் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். ஆனா சத்தமே இல்லை தம்பி. முன்னல்லாம் பாத்திரம் விழும், மாவு ஆட்டுற மெஷின் ஓடும், "அப்பா, டவலை எங்க போட்டீங்க"ன்னு ஒரு குரல் வரும். இப்ப ஃபேன் சுத்துறது கேட்குது. அப்பப்ப இந்த போனை எடுத்து சும்மா ஒண்ணு எடுப்பேன். சுவரை எடுப்பேன், அடுப்படியை எடுப்பேன். கச்சக்குனு ஒரு சத்தம் வருமில்ல. போன்ல பூரா சுவரா இருக்கு, தள்ளிடாதீங்க.

மங்கை இப்ப அதே ஷோரூம் அறந்தாங்கியில புதுசா திறந்த கடையில மேனேஜர். நேத்து போன் பண்ணுச்சு. "அப்பா, நாளைக்கு வர்றப்ப அந்த போனைக் கொண்டு வாங்க. நம்ம கடையிலேர்ந்து வேற ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன், சத்தம் வராதது. இனிமே அது எதுக்குப்பா உங்களுக்கு?"ன்னுச்சு. நேத்துலேர்ந்து இதையே யோசிச்சுக்கிட்டு வர்றேன். இனிமே எதுக்குன்னா என்ன அர்த்தம்? அப்ப இதுக்கு முன்னால அது எதுக்கு வேண்டியிருந்துச்சாம்? வாஷிங் மெஷின்... சிங்கப்பூர்ல வாங்காதீங்கன்னு அது கத்துனது... அப்புறம் அந்த மாமா...

என்ன தம்பி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டுச் சிரிக்கிறீங்க? டிக்கெட் எடுத்தீங்கள்ல?

விடுங்க. அதெல்லாம் ஒண்ணும் இருக்காது. என் கண்ணுல மண்ணைத் தூவ முடியாது. அதுவும் நான் பெத்தது.

புதுக்கோட்டை வந்துடுச்சு. பையை நான் எடுத்துத் தர்றேன், இருங்க. நான் போனை மாத்தப் போறதில்லை தம்பி. வேண்டாம்னு சொல்லிடப் போறேன். ஏன்னா, அந்த வீட்டுல காலிங் பெல் அடிச்சா மாப்பிள்ளை வருவாரு, இல்லாட்டி சம்பந்தியம்மா வருவாங்க. நல்ல மனுஷங்கதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா வாசல்ல நின்னு ஒரு கச்சக் விட்டேன்னு வைங்க, அடுப்புல என்ன இருந்தாலும் அப்படியே போட்டுட்டு, "அப்பா"ன்னு அதுதான் ஓடி வரும். வாயில்லாத போனை வச்சுக்கிட்டு, அந்த வாசல்ல நின்னு நான் எப்படிக் கூப்பிடுறது?